தியோடரின் கைப்பக்குவம்

ஜெயசுந்தரி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் புருஷனுக்கு எழுத உட்கார்ந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து தியோடர் ஒன்பது மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்.

"சாவி பக்கத்து வீட்டில். நான் லாலாகுடாவுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க போட்ட சால்ட் பீஃப் பீங்கான் ஜாடியில் இருக்கு. மேலே பாரத்துக்கு அம்மிக் குழவி வச்சிருக்கேன்."

'நீங்க போட்ட' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்தாள். போன கிறிஸ்துமஸுக்கு, பத்து நாள் மாட்டிறைச்சியை முள்கரண்டியால் குத்தி, உப்பும் வெடியுப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்து, தினமும் திருப்பிப் போட்டவள் அவள்; இந்த ஜாடியும் அவள் கைவேலைதான். மேனேஜர் வீட்டார் முன்னால் அவரோ, "எல்லாம் என் கைப்பக்குவம் சார், இவளுக்கு இதெல்லாம் வராது" என்றார். அன்று அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டாள்.

"பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி எல்லாம் அலமாரியில். பேகம் பஜாரில் மூணு கடை ஏறி இறங்கி வாங்கினது. எதை எவ்வளவு போடணும், வேகவைக்கிறப்போ எத்தனை தடவை தண்ணி மாத்தணும், உங்களுக்குத் தெரியாததா?"

பெயரை எழுதி, செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் விரற்கடை இடம்தான் மிச்சம். பொடியாக எழுதினாள்.

"சொல்ல மறந்துட்டேன். மேனேஜர் சம்சாரத்தைச் சர்ச்சில் பார்த்தேன். உங்க பக்கத்திலேயே நின்னு கத்துக்கணுமாம். பத்து மணிக்கு நோட்டும் பென்சிலுமா வர்றாங்க."