மிருதங்கத்தில் ரொட்டி மாவு

23 ஜூலை 2024, செவ்வாய்

புக்கிட் செந்தோசாவில் பாவா கடை. காலை முழுக்க வீசி வீசி ரொட்டி சானாய் போட்டேன். மாவை ஆதி தாளத்தில் அடித்துப் பார்த்தேன், எட்டு அடிக்கு ஒரு ரொட்டி.

"டேய் சேது, ரொட்டி போடுறியா, கச்சேரி பண்றியா?" என்றார் முதலாளி பாவா.

ரெண்டும்தான் பாய்.

26 ஜூலை, வெள்ளி

தனேஸ்வரி அக்கா போன் பண்ணினார். உலு யாமில் இருக்கிறார். பேங்க் வேலை, மற்ற நேரம் பாட்டுக் கச்சேரி. அவருக்கு மிருதங்கம் வாசித்தவர் சிங்கப்பூர் போய்விட்டாராம். ஆகஸ்ட் பத்து, கோலசிலாங்கூர் கோயில் ஆடித் திருவிழா. "வந்து வாசி. ஒத்து வந்தா இனிமே என் கச்சேரிக்கெல்லாம் நீதான். வரலன்னா வேற ஆள்லா."

அப்பாவிடம் சொன்னேன். போலிடெக்னிக்கை விட்டதிலிருந்து முகம் பார்த்துப் பேசாதவர் இன்று பார்த்தார். "சரி. அந்தம்மா வேணாம்னுட்டா, திங்கக்கெழம காலைல என்னோட லோரில ஏறணும்." எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி. அஞ்சு மணிக்குக் கிளம்பும். அந்த நேரத்தில் மனுசன் எழுந்திருப்பானா?

3 ஆகஸ்ட், சனி

ஒத்திகை. அக்கா நாலு தடவை பாட்டை நிறுத்தினார்.

"தம்பி, நான் பாடுறது உனக்குக் கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"பொய்."

பொய்தான். என் இடது கை 'தொம்'தான் எனக்குக் கேட்கும். ரவையைப் பிசைந்து இடது பக்கத் தோலின் நடுவில் அப்பினால்தான் அந்தத் 'தொம்' வரும். நான் ஒரு கை அதிகமாகவே அப்புவேன். நெஞ்சுக்குள் லோரி போகிற மாதிரி இருக்கும். அதற்காகத்தானே இதை வாசிக்கிறேன்?

9 ஆகஸ்ட்

நாளைக்கு. நகம் வெட்டியாச்சு. வேட்டி அப்பாவுடையது. பயமில்லை. சரி, இருக்கு.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று நாசம்.

கச்சேரிக்குப் பத்து நிமிஷம் முன்னாடி ரவை டப்பாவைத் திறக்கிறேன், உள்ளே கேசரி. பிள்ளை நல்லா வாசிக்கணும்னு அம்மா என் ரவையையே கிண்டி, அதே டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கு! முந்திரி வேற. அதையே அப்பலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன்.

கோயில் ஸ்டோரில் ரவை உண்டு, சாவி கோயில் தலைவரிடம். தலைவர் கிள்ளானில். எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. ஓடிப் போய் ரொட்டி மாவு ஓர் உருண்டை வாங்கி, தண்ணீர் தொட்டு அப்பினேன். 'தொம்' அருமை. என்னை மாதிரி புத்திசாலி உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் மாவில் மார்ஜரின் பிசைகிறவன் நான். உருட்டி உருட்டி எண்ணெயில் போடுகிறவன் நான். எண்ணெய் மாவு தோலில் நிற்குமா? ஏன்டா எனக்கு அது தோணல?

மூன்றாவது பாட்டு. 'பொத்'. மாவு அப்பா வேட்டியில் விழுந்தது. வயலின் மோகனாவுக்குச் சிரிப்பில் வில் நழுவியது. இடது பக்கம் 'தொம்'முக்குப் பதில் 'டப்', 'டப்'. காலி பிஸ்கட் டின் மாதிரி. மறுபடி அப்பினேன், மறுபடி விழுந்தது. விட்டுவிட்டேன்.

அப்புறம் என்ன செய்ய? கையில் சரக்கு இல்லை. வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டேன். அக்கா மூச்சு விடுகிற இடத்தில் மெதுவாக இரண்டு தட்டு, அவர் மேலே போனால் நான் ஒதுங்கிக்கொள்வது, அவ்வளவுதான். இவ்வளவு நன்றாகப் பாடுவார் என்று யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே! எல்லாரும் நிறுத்தி நான் மட்டும் வாசிக்க வேண்டிய தனி ஆவர்த்தனத்தையும் பிஸ்கட் டின்னிலேயே முடித்தேன். சீக்கிரம்.

அக்கா காரில்தான் திரும்பினோம். நான் இறங்கும்போது அக்கா கேட்டார், "கேசரி மிச்சம் இருக்கா?" டப்பாவோடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

12 ஆகஸ்ட், திங்கள்

அஞ்சு மணி. லோரியில் ஏறினேன். வேட்டியில் எண்ணெய்க் கறை போகாது என்றார் அப்பா.

பழம் ஏற்றி முடித்தபோது போனில் அக்காவின் மெசேஜ். "செப்டம்பர் 7, கெர்லிங் பிள்ளையார் கோயில். மாவு விழுந்த பெறகு வாசிச்சியே, அந்த மாதிரி வாசி. ரவ கம்மியா. டப்பா அன்னிக்கித் தரேன்."

அப்பாவிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப நாளைக்கு யாரு பழம் ஏத்துவா?"

11 அக்டோபர், வெள்ளி

நவராத்திரியில் இது ஆறாவது கச்சேரி. இன்றைக்கு உலு யாம், ஏழு மணிக்கு. அப்பா லோரியிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பாவா கடைக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்.

ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மங்குக் கிண்ணம், மேலே தட்டு மூடி. என்னோடு ரொட்டி போடுகிற கைருதீன் அதைத் திறந்து, மாவை எடுத்து ரொட்டிக்கு வீசப் போனான். கல்லாவிலிருந்து பாவா கத்தினார். "டேய், அதத் தொடாதலா! எண்ணெ போடாத மாவு. இவனுக்குக் கச்சேரி."

எடுத்து வைக்கச் சொல்லி நான் கேட்கவே இல்லை. பெரிய உருண்டையாகத்தான் வைத்திருந்தார். பாதியைக் கிள்ளி எடுத்துக்கொண்டு, மீதியைக் கைருதீனிடம் கொடுத்தேன்.