அடுப்படி வழியாகப் பூசைக்கு

கோபித்துக்கொண்டு போன என் வீட்டுக்காரருக்கு, உங்கள் மனைவி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். சுகத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை, மானத்துக்குத்தான் குறைச்சல்.

நீங்கள் கட்டிய மிஷன் வீட்டு வாசல் வளைவு அப்படியே நிற்கிறது. அதைத் தாங்க நீங்கள் அடியில் முட்டுக் கொடுத்த மரங்களும் வழியை அடைத்துக்கொண்டு அப்படியே நிற்கின்றன. அவ்வளவு பெரிய வாசல் இருந்தும் நுழைய வழியில்லை. சாமியார், கன்னியர், படிக்க வரும் பிள்ளைகள் எல்லோரும் அடுப்படி வழியாகத்தான் போய்வருகிறோம். பூசைப் பாத்திரமும் சோற்றுப் பானையும் ஒரே நிலைப்படியில் மோதிக்கொள்கின்றன. சமையல்காரர் என்னைப் பார்க்கிற பார்வையைச் சொல்லி மாளாது.

மற்ற கொத்தனார்களைக் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. "கட்டுனவரு அடியில நிக்காம முட்டு எடுக்கக் கூடாதுங்க, அது எங்க தொழில் வழக்கம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். கடல் தாண்டி வந்த சாமியாருக்கு இது புரியவா போகிறது? தலையில் அடித்துக்கொள்கிறார். வளைவின் அகலத்தைக் கூட்டச் சொன்னது அவர் தப்புதான். கூட்டிக் கட்டிய பிறகு, எல்லோர் முன்னாலும் "நிக்குமா?" என்று கேட்டதும் தப்புதான். அதற்காகச் சாந்து பூசும் கரணையை வீசிவிட்டு, அடுத்த ஊர்த் துறைமுக வேலைக்கு ஓடுவதா?

இப்போது விஷயம் முற்றிவிட்டது. மாதக் கடைசியில் ஆயர் வந்து கட்டடத்தை மந்திரிக்கப் போகிறார். அதற்குள் வாசல் திறக்காவிட்டால், வளைவை இடித்துவிட்டு நேராக ஓர் உத்தரத்தைப் போடச் சொல்லிவிட்டார் இஞ்சினியர் துரை. நேற்றுவரை உப்புக் கிடங்கில் பூசை கண்டவர்கள் நாம். நமக்கென்று எழும்பிய முதல் கட்டடம் இது. அதன் முகத்தில் உங்கள் கைவேலை இருக்க வேண்டாமா?

நீங்கள் கோபத்தில் போகவில்லை, பயத்தில் போனீர்கள். எனக்குத் தெரியாதா? அன்று நீங்கள் கட்டிய சுங்கச் சாவடி வளைவு சரிந்து, உங்களுக்குப் பதிலாக அடியில் போய் நின்ற உங்கள் தம்பிக்குக் கால் போயிற்றே, அந்தப் பயம். சுண்ணாம்பு காயும் முன்பே முட்டுகளைப் பிடுங்கச் சொன்னது யார்? இதே இஞ்சினியர் துரைதானே! அதைத் தம்பியே நூறு தரம் சொல்லியாயிற்று. உங்கள் காதில் ஏறினால்தானே!

தம்பி இப்போது என்ன செய்கிறார் தெரியுமா? தினமும் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போய், முட்டு மரங்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து மத்தியானச் சோறு தின்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், "எங்கண்ணன் கட்டுனது அண்ணி, நெழல் நல்லாருக்கு" என்கிறார். எனக்கு அழுகையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது.

மறுபடியும் தானே நிற்பதாக அவர் கிளம்பினார். நான் விடவில்லை. கட்டியவர் வரவில்லையென்றால் அவர் வீட்டு ஆள் யார் நின்றாலும் சரி என்று கொத்தனார்களைச் சம்மதிக்க வைத்து, நானே நிற்பதாகச் சொல்லிவிட்டேன். ஆயர் வருவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் முட்டுகளை எடுக்கிறார்கள்.

போன இடத்தில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஈரத்தில் படுக்காதீர்கள். தேவமாதா உங்களுக்குத் துணையிருந்து, நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள், நீங்கள் கட்டியது நிற்கும். நான் நடுவில் நிற்காமல் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பேன். அகலமான வளைவுதானே, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் தீராத உங்கள் மனைவி