வெர்னனின் வாய்

ஜூன் 7
எதில்சன் வந்துவிட்டான். எங்கள் ஊர்ப் பேஸ்பால் கிளப் சின்ன லீக் கிளப். பையன்களுக்கு அது கொடுக்கிற சம்பளத்தில் வாடகைக்கு இருக்க முடியாது. அதனால் என்னைப் போன்றவர்கள் ஆளுக்கு ஓர் அறை கொடுக்கிறோம். இவன் கரீபியத் தீவுப் பக்கமிருந்து அமெரிக்கா வந்த டொமினிகன் நாட்டுப் பையன், பந்து வீசுகிறவன். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். வெர்னன் அவன் தோளில் தட்டி, இது உன் வீடு என்றார். என் புருஷன் வாயில் இப்படியும் வருமா!

ஜூன் 19
மத்தியான ஆட்டம். நாற்காலியெல்லாம் பிசுபிசுப்பு. காலடியில் யாரோ கொட்டிய பீர், அதில் மிதிபட்டு நசுங்கிய ஹாட் டாக். முன்வரிசைக்காரன் துப்பிய சூரியகாந்தி விதைத்தோல் என் செருப்பில் ஒட்டிக்கொண்டது. இதெல்லாம் பழகியதுதான்.

எதில்சனுக்கு இன்று பந்து சொன்னபடி கேட்கவில்லை. விலகி விலகிப் போனது. வெர்னனும் அவருடைய சிநேகிதர் டுவேனும் முதலில் கேலி செய்தார்கள். பிறகு வெர்னன் எழுந்து நின்று, கையை வாயருகே குவித்து —

"வந்த படகுலயே ஏறிப் போடா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துப் பெண்மணி வாய் நிறையப் பாப்கார்னோடு சிரித்தாள். எதில்சன் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டான். கேட்டுவிட்டது அவனுக்கு. அந்தச் சின்ன ஸ்டேடியத்தில் கேட்காமல் எப்படி?



ஜூன் 20
காலையில் வெர்னன் அவனுக்கு முட்டை பொரித்துப் போடுகிறார். அதே கை! அவன் சிரித்த முகமாக நன்றி சொல்கிறான். இந்த வயதில் இப்படிச் சிரிக்க எங்கே கற்றுக்கொண்டான்?

அவன் பயிற்சிக்குப் போனதும், மன்னிப்புக் கேளுங்கள் என்றேன்.

"ஸ்டேடியத்துல கத்துறதெல்லாம் ஒரு பேச்சா, ஆர்லீன்? அவனே சும்மா இருக்கான். உனக்கென்ன வந்துச்சு?"

பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஜூன் 27
மறுபடியும் கத்தினார். சீ.

ஜூலை 3
இன்று தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்தேன். எதில்சன் பிரமாதமாக வீசினான். வெர்னன் போவோர் வருவோரிடமெல்லாம், எங்கள் வீட்டுப் பையன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். டுவேன் அவருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். திட்டியதைவிட இதுதான் அருவருப்பாக இருந்தது.

அவர்கள் குடிக்க நின்றுவிட்டார்கள். காரில் நானும் எதில்சனும் மட்டும். கிளப்பில் சொல்லி வேறு வீடு பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"எல்லா ஊர்லயும் சார் மாதிரி ஒருத்தர் இருக்காரு மேடம். இங்க நீங்களும் இருக்கீங்க."

வண்டியை ஓரம் கட்டினேன். ரோடு தெரியவில்லை.

செப்டம்பர் 12
ஆட்டங்கள் முடிந்து எதில்சன் ஊருக்குப் போய்விட்டான். அந்த அறையில் பெரிய டிவி வைக்கலாம் என்கிறார் வெர்னன். அவர் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

பிப்ரவரி 18
கிளப்பிலிருந்து போன். இந்த வருஷமும் ஒரு பையனுக்கு இடம் கொடுப்பீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். கொடுக்கிறேன் என்றேன். விலாசத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன்: மருந்துக்கடைக்கு மேலே, மாடி. இடம் சின்னதுதான், ஆனால் வெளிச்சம் உண்டு.

வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டாள்.

நான் மட்டும்தான் என்றேன்.