வீக்கம் வடிந்த கால்

ஜூலை 10, 1979. செவ்வாய்.
அப்பா செருப்பு வாரைப் பழைய ஓட்டைக்கே மாட்டியிருந்தார். காலையிலேயே புழுக்கம். நேற்று அந்தப் பாதம் செருப்புக்குள் நுழையவே இல்லை. கட்டட வேலையில் பலகை ஆணி குத்தி, சிவந்து, தொட்டால் சுட்டது. கரோல் பாக் சந்து மருந்துக்கடைக் கம்பவுண்டர் பொட்டலத்தில் குட்டி வெள்ளை மாத்திரை கொடுத்தான். விடிவதற்குள் வீக்கம் காணோம்.

“பாத்தியா புள்ள, மந்திரம் போட்டாப்புல!” வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஆணித் துளை மட்டும் அப்படியே. ஓரமெல்லாம் வெளுப்பு. சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எப்போதும் போல.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், உப்பு, சொட்டு நீலம்.

ஜூலை 12. வியாழன்.
மழை. அப்பாவுக்குக் குளிர் ஜுரம். பாதத்திலிருந்து தொடை வரை சிவப்புக் கோடு. அம்மா மறுபடி அவனிடமே ஓடினாள். “அச்சா, அச்சா, சரியாயிடும் பெஹன்ஜி” என்றானாம், இன்னொரு பொட்டலம் கொடுத்து. பெஹன்ஜி, அக்காவாம்! பல்லை உடைக்க வேண்டும்.

பொட்டலத்தைப் பிடுங்கிப் பாவாடையில் முடிந்துகொண்டேன். ரிக்‌ஷா. அப்பாவோடு பெரிய ஆஸ்பத்திரி.

ஜூலை 13. வெள்ளி.
அப்பாவின் காலைக் கீறிவிட்டார்கள். டாக்டரம்மா தமிழ். மாத்திரையைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது.

“இதையா குடுத்தான்? வீக்கம்தான் வியாதின்னு நெனச்சேளா? கிருமி புகுந்த எடத்துல ரத்தக்குழாய் விரிஞ்சு குடுக்கும். ஓடற ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுவெல்லாம் அங்க சுவர்ல ஒட்டிண்டு, இடுக்கு வழியா பிதுங்கி வெளிய வந்து கிருமியைத் தின்னும். அதான் வீங்கறது, சுடறது. இந்த மாத்திரை அதுகளை ஒட்டவே விடாது. வீக்கம் போயிடும். கிருமி ஜாலியா மேல ஏறும்.”

“காலு நிக்குமா டாக்டரம்மா?” அம்மா.

“இப்போ ஒண்ணும் சொல்ல முடியாது.”

அப்பாவுக்கு உள்ளேயே ஓடி வர ஆள் இருந்திருக்கிறது. பாவிக் கம்பவுண்டர், வழியிலேயே மறித்துவிட்டான்.

“அவன்கிட்ட சண்டைக்குக் கிண்டைக்குப் போயிடாதடி. நாளைக்கு ஒரு தலைவலின்னா அவன்கிட்டதான் போவணும்.” அம்மாதான் இதைச் சொன்னாள். எல்லாவற்றையும் விட இதுதான் எரிகிறது.

ஜூலை 14. சனி.
மாத்திரை நின்றதும் பாதம் மறுபடி வீங்கியிருக்கிறது. சீழ். அம்மா பார்த்ததும் ஓவென்று அழுதாள். நான் அழவில்லை. உள்ளே இருந்த ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள்! சுண்டு விரலை எடுக்க வேண்டுமாம், கால் நிற்குமாம். விரல் ஒன்று போகிறது, அவன் கடை திறந்திருக்கிறது.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கம்பவுண்டர் கடை வாசலில் பக்கத்துச் சந்து செல்வி அக்கா. இடுப்பில் குழந்தை, அதன் கை பூரி மாதிரி உப்பலாக. அக்கா கையில் அதே பொட்டலம்.

பறித்தேன்.

“ஏய், பைத்தியமாடி ஒனக்கு? குடுடி! புள்ள துடிக்குது!”

கம்பவுண்டர் இந்தியில் கத்திக்கொண்டே எழுந்து வந்தான். வாய் வரவில்லை எனக்கு. பொட்டலத்தைப் பிரித்துச் சாக்கடையில் கொட்டினேன். குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன். அக்கா திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள்.