கருகிய ஃபியூஸ்

இன்று காலை சால்டரிங் அயர்ன் சூடாகி ஈயம் உருகிய வாசனை வந்ததும், நீ பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. உன் மகள் ஹாம் ரேடியோ பரீட்சையில் தேறிவிட்டாள். அவளுடைய ரேடியோ செட்டுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி ஒன்றை, செம்பூரில் என் சமையலறை மேடையில் செய்துகொண்டிருக்கிறேன். ஒரே பவர் சப்ளையிலிருந்து நாலு வழி, வழிக்கு ஒரு ஃபியூஸ்.

உனக்கும் இதேபோல் ஒன்று செய்து தந்தேன். தாராவியில் உன் வீட்டு மாடியில், நிமிர்ந்தால் தகரக் கூரை தலையில் இடிக்கும். அங்கே குனிந்தபடியே திருகி வைத்தோம். செட்டின் வயரிலேயே இருந்த ஃபியூஸை, "பெட்டியிலதான் இருக்கே, எதுக்கு ரெண்டு?" என்று வெட்டிப் போட்டவன் நான். நாள் முழுக்கப் பட்டறையில் தையல் மெஷின் மோட்டார்களோடு மல்லுக்கட்டும் நீ, "சரிதாம்ல, நீ படிச்சவன்" என்றாய். கேட்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் ஃபியூஸ் போய்விட்டது. லேமிங்டன் ரோட்டில் எலக்ட்ரானிக்ஸ் கடை எதுவும் திறந்திருக்காது. வீட்டில் ஃபியூஸ் போனால் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரு செப்பு இழையை உருவி, கருகிய ஃபியூஸின் இரண்டு கால்களிலும் சுற்றிச் செருகிவிட்டேன். அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவும் இல்லை, மாற்றவும் இல்லை.

மழையில் கூரை ஒழுகியபோது செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, நீயே மறுபடி மாட்டினாய். புகை வந்ததும் என்னைக் கூப்பிட்டாய்.

"கண்ணாடி போடாம மாட்டிட்டேன் மக்கா. செவப்பும் கறுப்பும் மாறிப்போச்சு."

மாறினால் ஃபியூஸ் போகும், செட் பிழைக்கும். அதற்குத்தானே ஃபியூஸ்! நான் சுற்றிய இழை அப்படியே இருந்தது, செட்தான் கருகியிருந்தது. நீ சாயா சொல்லக் கீழே இறங்கினாய். அதற்குள் இழையைப் பிய்த்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நீ ஏறி வந்ததும், "ஃபியூஸ் போயிருக்கு. ஆனா லேட்டா போயிருக்கு" என்று கூசாமல் சொன்னேன்.

"எல்லாம் இந்த வெளங்காத கையால வந்தது."

"விடு, வயசாகுதுல்ல" என்று வேறு ஆறுதல் சொன்னேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பிறகு வேறு செட் வாங்கினாய். ஆனால் ஒரு வயரைக்கூடத் தொடமாட்டேன் என்றுவிட்டாய். "நீயே வந்து மாட்டிரு மக்கா." பட்டறையில்கூட நுணுக்கமான வேலையைத் தம்பியிடம் தள்ளிவிட்டாய். நான் வரும்போதெல்லாம், "இவன் இல்லன்னா நமக்கு ரேடியோவே கெடையாதுல்லா" என்று பக்கத்து வீட்டாரிடம் பெருமை பேசினாய். நானும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டு சாயா குடித்தேன். போன வருஷம் நீ போய்ச் சேரும்வரை அப்படித்தான்.

நேற்று உன் மகள் போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "பெட்டிய நீங்களே வந்து மாட்டிக் குடுத்திருங்க மாமா. எனக்கும் அப்பா கைதான், வெளங்காது."

அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வயரை மாற்றி மாட்டுவது யாருக்கும் நடக்கும், செட்டை எரித்தது என் கை என்றேன்.

அவள் திட்டவில்லை. "அப்பாட்ட ஏன் மாமா சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

உன் முன்னால் படித்தவனாகவே இருந்துவிட ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. அவளிடம் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது.