இயந்திரத்தின் நெற்றி

11 ஜூலை 1978, செவ்வாய்

இன்று மருந்துக் கம்பெனியில், என்னோடு இயந்திரத்தில் வேலை செய்யும் பச்சையம்மாளிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

இருமல் மாத்திரைக்குக் குளிர்காலத்தில்தான் கிராக்கி. அதனால் அதை அடிக்கும் இயந்திரத்தை மூன்று மாதம் மூடி வைக்கிறோம். டில்லியில் மழை தொடங்கிவிட்டது. துளி ஈரம் தங்கினாலும் அச்சுகள் துருப்பிடித்துவிடும். காலை முழுக்க நானும் அவளும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் பூசினோம். பிளாஸ்டிக் உறை எடுக்க ஸ்டோருக்குப் போய்த் திரும்பினால், அச்சுத் தட்டின் நடுவில் ஈரச் சந்தனமும் குங்குமமும்!

"அக்கா, உங்களுக்குப் புத்தி இருக்கா? தண்ணி பட்டா துரு ஏறாதா?"

"எட்டு வருஷமா எனக்குச் சோறு போடுது சார். வெறும் நெத்தியோட எப்படி மூடறது?"

பிறகு அவளே துடைத்தாள். அந்த இடத்தில் மறுபடி எண்ணெயும் பூசினாள். அவள் குடியிருக்கும் தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்பிலிருந்து பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள், பாவம்.

உறையைக் கட்டி அட்டை தொங்கவிட்டோம். சுத்தம் செய்தவர், சரிபார்த்தவர் என்று அதில் இருவர் கையெழுத்து வேண்டும். நான் என்னுடையதைப் போட்டேன். அவள் கைநாட்டு என்பதால் மைப்பெட்டியை நீட்டினேன். அவள் அதைத் தள்ளிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போகாத கட்டைவிரலைப் பொட்டலத்தில் மிஞ்சிய குங்குமத்தில் தோய்த்து, அட்டையில் அழுத்தினாள்.

"இது காகிதம்தானே சார், துரு ஏறாதில்ல?"

மேனேஜர் நாளை கேட்பார். கேட்கட்டும். அட்டையை மட்டும் மாற்றமாட்டேன்.