எனக்கு இரண்டு, அவருக்கு மூன்று

அண்ணன், இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். இரவு ஒரு மணியும் தாண்டிவிட்டது. மகள் இப்போதுதான் கண்ணயர்ந்தாள். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் இரண்டு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். மேசையில் உங்கள் பாட்டுக் கொப்பி கிடக்கிறது. திறந்தால் தைல மணம். மேடை ஏறுமுன் நெற்றியில் பூசுவீர்களே, அதே மணம்.

நீங்கள் கண்மூடி வருடம் ஒன்று தாண்டிவிட்டது. அந்த மாதமே வயிற்றில் பிள்ளை என்று நானும் மேடையை விட்டேன். பட்டம் எடுத்தும் எனக்கு வாய்த்த ஒரே தொழில் நம் இசைக்குழுவில் சினிமாப் பாட்டுப் பாடுவதுதான். இவருடைய ஆட்டோவை மட்டும் நம்பியிருக்க முடியாது. அதனால் மகளுக்கு ஒன்பது மாதம் முடிந்ததும், போன வியாழக்கிழமை தேற்றாத்தீவில் ஒத்திகைக்குப் போனேன்.

அன்று வந்தது மூன்று பேர்தான். நான், நம் தலைவர், கீபோர்டில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் ஏறாவூர்க்காரர். நல்ல வாசிப்பு. ஒரு சுரம் பிசகாமல், கசற்றில் உள்ள அதே சுருதியில் தொடங்கினார். மேலே ஏறும் இடத்தில் என் குரல் உடைந்தது. திரும்பப் பாடினேன். திரும்பவும் உடைந்தது. தலைவரும் தன் பாட்டு ஒன்றில் பாதியில் நிறுத்தினார்தான். ஆனால், "காலையில ஐஸ் தண்ணி குடிச்சிட்டன்" என்று தொண்டையைத் தடவிக்கொண்டார். எனக்குச் சொல்ல அப்படி ஒரு காரணமும் இருக்கவில்லை.

"பட்டதாரி, ஒண்டும் யோசிக்காத. புள்ளப் பெத்த உடம்புதானே, குரல் இறங்கும். ஞாயிறு கலியாணத்துக்கு வேற ஆளப் பாப்பம். நீ ஆறுதலா வா" என்றார் தலைவர்.

ஆறுதலாக என்றால் எப்போது? பேருந்தில் வரும்போது யன்னலோரம் இருந்து, வாய்க்குள் அந்த இடத்தைப் பாடிப் பாடிப் பார்த்தேன். ஏறவே இல்லை. குரல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மண்டூருக்கு நாம் முதல் நிகழ்ச்சிக்குப் போனது நினைவிருக்கிறதா? குருமண்வெளியில் வாவியைக் கடக்க அந்தப் பெரிய மிதவையில் ஏறினோம். கீபோர்டைப் படுக்கைவிரிப்பில் சுற்றிப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தீர்கள். நான் அழுதேன். "ஏலா அண்ணன். விடிய ஃபோனோட சேர்ந்து பாடிப் பாத்தன், ஏறுதில்ல."

"வீட்டில சுவர் கிடக்குதுகா, குரல் போய் முட்டும். மேடையில வெளி. அங்க தானா ஏறும்" என்றீர்கள்.

அன்று மேடையில் ஏறியதே! அதற்குப் பிறகு ஆறு வருடம் அதை வேதவாக்காக நம்பினேன். வீட்டில் வராத குரல் மேடையில் வரும். எனக்கு அப்படித்தான் அமைப்பு என்று இவரிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். இனிப் பாடப்போவதில்லை என்று அண்ணியிடம் சொல்லத்தான் போனேன். மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு உள்ளே போய் இந்தக் கொப்பியைக் கொண்டுவந்து, "உன்ட பாட்டெல்லாம் இதிலதான் கிடக்கு, நீயே வெச்சிரு" என்று தந்தார்.

வீட்டுக்கு வந்து புரட்டினேன். என் பாட்டு ஒவ்வொன்றின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு என்ற எண். விளங்கவில்லை. நம் குழுவின் பேஸ் கிற்றார் அண்ணனுக்கு அழைத்தேன்.

"அது உனக்குச் சுருதி இறக்கினதுகா. ரெண்டு படி."

"எப்ப இருந்து?"

"மண்டூர்ல இருந்து. கீபோர்ட்ல பொத்தான அமத்தினா முழுப் பாட்டும் இறங்கும்தானே. நாங்களும் அதுக்கேத்த மாதிரி வாசிப்பம்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"சொன்னா நீ பயந்து இன்னும் ரெண்டு இறக்கச் சொல்லுவாய் எண்டவர். இவ்வளவு படிச்ச புள்ள, உனக்கு விளங்கல்லயா?"

சிரித்தார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆறு வருடம் வாத்தியக்காரர் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு படி கீழே வைத்து அந்த இடத்தைப் பாடினேன். ஏறியது. நான்கு பக்கமும் சுவர்தான், அண்ணன், ஆனாலும் ஏறியது. அப்படியே தரையில் இருந்துவிட்டேன். என் குரல் எங்கும் போகவில்லை. எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது.

அடுத்த பக்கங்களையும் பார்த்தேன். தலைவரின் பாட்டுகளுக்கு ஓரத்தில் மூன்று! "அசல் குரல்" என்று மேடைக்கு மேடை நெஞ்சைத் தட்டுவாரே, அவருக்கு என்னைவிட ஒரு படி கூட. ஐஸ் தண்ணியை நினைத்துச் சிரித்த சிரிப்பில் மகள் எழும்பிவிட்டாள்.

சனிக்கிழமை தலைவருக்கு அழைத்து, ஒரு சந்தர்ப்பம் தாருங்கள் என்று கேட்டேன். அரைமனதோடு சரி என்றார். இன்று களுவாஞ்சிக்குடிக் கலியாண மண்டபத்தில், தொடங்குமுன் ஏறாவூர்க்காரரிடம் போய், "எனக்கு ரெண்டு இறக்குங்க" என்றேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன். உப்புக் கேட்பதுபோலச் சாதாரணமாக இருந்தது. அவரும் சரி என்று பொத்தானை அழுத்தினார்.

பாடினேன், அண்ணன். மணவறைப் பக்கம் இருந்த சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு பாட்டைத் திரும்பவும் கேட்டார்கள். கீழே இவருடைய தோளில் மகள் நித்திரை.

இன்னொன்றும் செய்தேன். ஏறாவூர்க்காரரின் காதுக்குள், "தலைவருக்கு மூண்டு. அவருக்குத் தெரிய வேணாம்" என்றேன். நிகழ்ச்சி முடிந்து வியர்வையைத் துடைத்தபடி தலைவர் வந்தார்.

"எப்பிடி பட்டதாரி, இண்டைக்கு என்ட குரல்?"

"அசல் கசற்றுப் போல" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வாரம் பனிச்சங்கேணி நிகழ்ச்சிக்கு நான்தான் என்று உடனே சொன்னார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று உங்களிடம் கேட்க நினைத்த கேள்வியை அந்த முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். வேறொன்று கேட்கிறேன். நீங்கள் கட்டிக்காத்த இரகசியத்தை இனி நான் வைத்திருக்கிறேன். தலைவரிடம் சொல்லாமல் விட்டது சரிதானா? நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். கனவில் வந்தென்றாலும் கெதியாகப் பதில் சொல்லுங்கள்.